வட்டத் தொட்டிக்குள் ஒரு சுவர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் போன்ற ஊர்களில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளென்றால் குழாயில் தண்ணீர் வராது. மாதத்துக்கு இருமுறை தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அடியில் படிந்த சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு அலசி, மறுபடி நிரப்பி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். சிற்றூராக இருந்த காலத்தில் இது பெரிய தொந்தரவில்லை. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. வேலூர் சாலையின் இருபுறமும் குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களும், கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் திரள்கிறவர்களும் தங்குவதற்கு இந்தப் பக்கம்தான் இடம் தேடுகிறார்கள். அரை நாள் தண்ணீர் நிற்பது இன்று பெரிய விஷயம்.

அப்போது இயல்பாகவே ஒரு யோசனை வரும். தொட்டியை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒரு பாதியைக் கழுவும்போது மறுபாதி ஊருக்குத் தண்ணீர் கொடுக்குமே? அடுக்குமாடி வீடுகளில் இதே யோசனை வேறு காரணத்துக்காக வருகிறது: போர் தண்ணீர் ஒரு பக்கம், சமையலுக்கான நல்ல தண்ணீர் மறுபக்கம்.

யோசனை நல்லது. கொல்கத்தாவின் தாலா தொட்டி இதற்கு நூறாண்டுச் சாட்சி. 1909இல் தொடங்கி 1911இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த எஃகுத் தொட்டி, 110 அடி உயரத்தில் 90 லட்சம் காலன் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. உள்ளே நான்கு அறைகள். ஒன்றை மூடிவிட்டுப் பழுதுபார்த்தாலும் மற்ற மூன்றும் நகரத்துக்கு நீர் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் தாலா தொட்டி சதுரமானது. நம் ஊர்களில் நிற்பவை பெரும்பாலும் வட்டத் தொட்டிகள். சதுரத்துக்குள் ஒரு நேர்சுவர் வைப்பதும் வட்டத்துக்குள் வைப்பதும் ஒரே வேலை என்று நினைத்தால், அங்கே தவறு தொடங்குகிறது.

முதலில் வட்டம் ஏன் என்று பார்த்துவிடுவோம். தண்ணீர் சுவரைத் தள்ளுகிறது. ஆழம் கூடக் கூட அதிகமாகத் தள்ளுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரிலும் ஒரு டன். நான்கு மீட்டர் ஆழத்தில் நான்கு டன். நேரான சுவர் இந்தத் தள்ளலுக்கு வளைந்துதான் ஆக வேண்டும். வளையும் கான்கிரீட்டின் ஒரு முகம் நசுங்கும், மறுமுகம் விரியும். நசுங்குவதை கான்கிரீட் நன்றாகத் தாங்கும். விரிவதைத் தாங்காது, வெடிப்பு விடும். வட்டச் சுவருக்கு இந்த வளையும் வேலை ஏறத்தாழ இல்லை. பத்துப் பேர் வட்டமாகக் கைகோத்து நின்று எல்லோரும் ஒரே அளவில் பின்னால் சாய்ந்தால் ஒருவரும் விழுவதில்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருப்பவரின் கை பிடித்துக்கொள்கிறது. வட்டத் தொட்டியின் சுவரும் அப்படித்தான். வெளியே தள்ளும் தண்ணீரை, சுவரைச் சுற்றி ஓடும் இழுவிசை பிடித்துக்கொள்கிறது. பொறியாளர்கள் இதை வளைய இழுவிசை என்பார்கள். அதைத் தாங்க வளையக் கம்பி கட்டுகிறோம்.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்மே மாரியோத் நீர்க்குழாய்களை அழுத்தம் ஏற்றி வெடிக்கவைத்தே இதை ஆராய்ந்தார். விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் சுவரும் தடிக்க வேண்டும் என்பது அவர் கண்டது. அவர் இறந்த பின் 1686இல் அது நூலாக வந்தது. இன்றும் கணக்கு அதுதான்: அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினால் வளைய இழுவிசை. இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1919 ஜனவரி 15இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெடித்த வெல்லப்பாகுத் தொட்டி சான்று. 50 அடி உயரம், 90 அடி விட்டம் கொண்ட எஃகு உருளை அது. வளைய இழுவிசைக்குப் போதாத தகடு. பாகு வெள்ளமாகப் பாய்ந்து 21 பேரைக் கொன்றது.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 10 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர். கொள்ளளவு சுமார் 3.14 லட்சம் லிட்டர். அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 4 டன், ஆரம் 5 மீட்டர். ஆகவே சுவரின் ஒரு மீட்டர் உயரப் பட்டையில் 20 டன் இழுவிசை. வீட்டு உத்தரத்துக் கம்பியைவிடத் தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் குறைவான இழுவையையே அனுமதிப்பார்கள், வெடிப்பு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்காக. சதுர மில்லிமீட்டருக்கு 130 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் கம்பியைச் சுவரின் இரு முகங்களிலும் 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டினால் ஏறத்தாழப் போதும். 20 சென்டிமீட்டர் கனச் சுவர். தொட்டி நிரம்பும்போது சுவர் வெளியே நகர்வது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு தண்ணீரை இவ்வளவு மெல்லிய சுவர் தாங்குவது வட்டத்தின் கொடை.

இப்போது நடுவில் விட்டத்தின் வழியே ஒரு நேர்சுவர் எழுப்புவோம். இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கும்வரை பிரச்சினையே இல்லை. சுவரின் இருபுறமும் தண்ணீர் சமமாகத் தள்ளுகிறது, அதற்கு வேலையில்லை. வளைய இழுவிசை ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தடையின்றி ஓடுகிறது. பிரித்த தொட்டியைத் திறப்பு விழாவன்று பார்த்தால் எந்தக் குறையும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு பாதியைக் காலி செய்யுங்கள். எந்த வேலைக்காகச் சுவர் கட்டினோமோ அந்த வேலை தொடங்கும் அதே கணத்தில் எல்லாம் மாறுகிறது.

நடுச்சுவர் மீது மொத்தம் 80 டன் தள்ளல். இது நேரான சுவர். வட்டத்தின் கொடை இதற்குக் கிடையாது. பத்து மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் பாலம்போல் தாங்கச் சொன்னால் அடிப்பட்டையில் மீட்டருக்கு 50 டன்-மீட்டர் வளைவுத் திருப்பம் (விசையைத் தூரத்தால் பெருக்கிய வளைக்கும் அளவு) வரும். கனவிலும் கட்ட முடியாத சுவர். நீளம் பத்து, உயரம் நான்கு என்பதால் சுமை குறுக்குவழியைத் தேடிக்கொள்கிறது: தரையில் ஊன்றி நிற்கும் தடுப்புச்சுவர்போலச் செயல்பட்டு, அடியில் மீட்டருக்கு 10.7 டன்-மீட்டர் திருப்பத்தைத் தரைத்தளத்துக்குக் கொடுக்கிறது. வெடிப்பு விடாமல் இதைத் தாங்க அடியில் அரை மீட்டருக்கு மேல் கனம் வேண்டும். வெளிச்சுவர் 20 சென்டிமீட்டர், உள்ளே நிற்கும் தடுப்பு அதைப்போல் இரண்டரை மடங்கு! தடுப்புதானே, ஒன்பதங்குலச் செங்கல் வைத்துப் பூசிவிடலாம் என்று ஒரு மேஸ்திரி சொல்லக் கேட்டால், தயவுசெய்து வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தொட்டியின் உள்ளே நிற்பதால் அது சின்னச் சுவர் ஆகிவிடாது. அந்தக் கட்டடத்திலேயே அதிகம் துன்பப்படும் சுவர் அதுதான். எந்தப் பாதி எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாதென்பதால், கம்பியும் இரு முகங்களிலும் முழு அளவுக்கு வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் நடுச்சுவர் வட்டச்சுவரைத் தொடும் இரண்டு செங்குத்து மூலைகளில் இருக்கிறது. கைகோத்து நின்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் இருப்பவர்கள் சாய்வதை நிறுத்திவிட்டார்கள். சாய்ந்துகொண்டிருக்கும் பாதியின் கடைசி ஆளை யார் பிடிப்பார்கள்? காலிப் பாதியின் சுவருக்கு உள்ளிருந்து அழுத்தம் இல்லை. அழுத்தமில்லாத வளைவு இழுவையை ஏற்காது. இழுத்தால் உள்நோக்கித் தட்டையாகப் பார்க்கும். நடுச்சுவர் பிடித்துக்கொள்ளுமா என்றால், அது ஓடும் திசை வேறு. விட்டத்தின் முனையில் வட்டச்சுவரின் இழுவை, நடுச்சுவருக்குச் செங்குத்தாக வருகிறது. நடுச்சுவர் தன் நீளவாக்கில் கயிறுபோல் இழுத்துப் பிடிக்க முடியாது. பக்கவாட்டில் வளைந்துதான் பிடிக்க முடியும். அந்தச் சுவரோ ஏற்கெனவே தன் சுமையைத் தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கணக்கில் ஒரு அழகான சமநிலை உண்டு. நடுச்சுவர் முழுதும் பக்கவாட்டில் தாங்கினால் அதன் ஒவ்வொரு முனையும் அடிப்பட்டையில் 20 டன் தள்ளும்; வட்டச்சுவரின் இழுவையும் அதே 20 டன், எதிர்த்திசையில். இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் உண்மைச் சுவர் அப்படித் தாங்குவதில்லை. சுமையின் பெரும்பகுதி தரைக்குப் போய்விட்டால் முனையில் சமன்செய்ய ஆளில்லை. வளையம் அறுந்த நிலை. மூலையை ஒட்டிய வட்டச்சுவர், தான் செய்யவே வேண்டாத வளையும் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. 20 சென்டிமீட்டர் கனமும் வளையக் கம்பியும் அதற்காக வைத்தவை அல்ல. பிரித்த வட்டத் தொட்டிகளில் முதல் ஈரக்கோட்டை இந்த மூலையில்தான் தேட வேண்டும். புதிதாகக் கட்டுவதென்றால் மூலையில் வட்டச்சுவரைத் தடிக்கவைத்து, சாய்வான கொத்துக் கொடுத்து, நடுச்சுவரின் கிடைக்கம்பிகளை வட்டச்சுவருக்குள் வளைத்துக் கொண்டுபோய், இரண்டையும் ஒரே வார்ப்பாக இட வேண்டும். ஏற்கெனவே நிற்கும் தொட்டிக்குள் துளை போட்டுக் கம்பி செருகி இந்த மூலையை உருவாக்க முயல்வதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

நடுச்சுவருக்கு ஒரு உதவி உண்டு. மேலே தட்டையான கூரைத்தளம் இருந்து, நடுச்சுவரின் தலை அதனுடன் ஒன்றாக வார்க்கப்பட்டால், அடியில் வரும் திருப்பம் 10.7இலிருந்து ஏறத்தாழ 4.3 டன்-மீட்டராக இறங்கும். பாதிக்கும் கீழே. அந்தச் சலுகைக்கு விலையாகக் கூரை, மீட்டருக்கு 1.6 டன் பக்கவாட்டுத் தள்ளலை வட்டச்சுவருக்குக் கடத்த வேண்டும். குவிமாடக் கூரைக்கு இது எளிதல்ல.

இனி கீழே இறங்கித் தூண்களைப் பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். நம் தொட்டி 8 தூண்கள் மீது, 8 மீட்டர் விட்ட வட்டத்தில் நிற்பதாகக் கொள்வோம். முழுத்தொட்டியில் 314 டன் தண்ணீர். தூணுக்கு 39 டன். ஒரு பாதி காலியானால் 157 டன்தான்; தூண்களுக்கு ஓய்வு என்று நினைப்போம். ஆனால் அரைவட்டத்தின் எடைமையம் விட்டத்திலிருந்து 2.1 மீட்டர் தள்ளி இருக்கிறது. 157 டன் அவ்வளவு தூரம் விலகி அழுத்தினால் தொட்டியைச் சாய்க்கும் திருப்பம் 333 டன்-மீட்டர். அதைத் தூண்களுக்குப் பங்கிட்டால், கனமான பக்கத்தின் கடைசித் தூணுக்கு 40 டன் வருகிறது. எதிர்ப்பக்கத் தூணுக்குத் தண்ணீரால் வரும் சுமை பூஜ்ஜியத்துக்கும் சற்றுக் கீழே. அதாவது பாதித் தண்ணீர், முழுத் தண்ணீரைவிடச் சற்று அதிகமாக ஒரு தூணை அழுத்துகிறது! தொட்டியின் சொந்த எடை இருப்பதால் எதிர்ப்பக்கத் தூண் மேலே எழும்பிவிடாது. ஆனால் கடைக்கால் அப்படியில்லை. ஒரு பாதி காலியாகவே கிடந்து, ஒரு பக்க மண் 40 டன் தண்ணீர்ச் சுமைக்கும் மறுபக்க மண் ஏறத்தாழ ஒன்றுமில்லாததற்கும் மாதக்கணக்கில் பழகினால், கீழே இருப்பது ஏரிக்கரையை ஒட்டிய களிமண்ணாக இருந்தால், தொட்டி மெல்லச் சாயும். காற்றும் நிலநடுக்கமும் இதன் மேல் வருபவை. 2001 புஜ் நிலநடுக்கத்தில் குஜராத்தின் மேல்நிலைத் தொட்டிகள் பல தாங்குகோபுரத்தில்தான் சேதப்பட்டன. தண்ணீர்த் தொட்டிகளுக்கென்றே நிலநடுக்க விதித்தொகுப்பை ஐ.எஸ். 1893இன் இரண்டாம் பகுதியாக 2014இல் நாம் பெற்றோம்.

நிலத்துக்குள் புதைந்த சம்ப்புக்கு எதிர்த்திசைச் சிக்கல். வேங்கிக்கால் ஏரி நிறையும் மழைக்காலத்தில் அக்கம்பக்கத்து நிலத்தடி நீர்மட்டம் ஏறும். காலியான பாதியை அந்த நீர் கீழிருந்து மேலே தூக்கும். நிரம்பிய பாதி தன் எடையால் அமர்ந்திருக்கும். ஒரு பக்கம் தூக்கலும் மறுபக்கம் அமர்வுமாகத் தரைத்தளம் நடுவில் முறுக்கப்படும். பிரித்த சம்ப்பை ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்து கழுவுவதைத் தவிர்த்துச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு சிக்கலுக்கும் ஒரு அழகான விடை இருக்கிறது: நேர்சுவர் வேண்டாம், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் எழுப்புங்கள். வெளி ஆரம் 5 மீட்டர் என்றால் உள் ஆரம் சுமார் 3.54 மீட்டர். உள்ளறையும், அதைச் சுற்றிய வளைய அறையும் சம கொள்ளளவு. உள்ளறை நிரம்பி வெளியறை காலியாக இருந்தால் உள்வட்டச் சுவரில் வளைய இழுவிசை, மீட்டருக்கு 14 டன். வெளிச்சுவரின் 20 டன்னைவிடக் குறைவு. வெளியறை நிரம்பி உள்ளறை காலியானால் தண்ணீர் உள்வட்டத்தை வெளியிலிருந்து நெருக்குகிறது, சுவரில் அமுக்கம். கான்கிரீட்டுக்கு மிகவும் பிடித்த நிலை அது. எந்த அறை காலியானாலும் எந்த வளையமும் அறுவதில்லை. எடைமையம் நடுவிலேயே இருப்பதால் தூண்களுக்கும் கடைக்காலுக்கும் சாய்வு இல்லை. சுவரின் அடி தரையோடு சேருமிடத்தில் மட்டும் கொஞ்சம் வளைவு இருக்கும். அது சாதாரண வட்டத் தொட்டியிலும் இருப்பதே.

செலவு? உள்வட்டச் சுவரின் நீளம் 22 மீட்டர், நேர்சுவர் 10 மீட்டர். பார்த்தால் இரண்டு மடங்கு. ஆனால் நேர்சுவருக்கு மேலே 20, அடியில் 56 சென்டிமீட்டர் என்று கனம் வைக்க வேண்டியிருக்கிறது. உள்வட்டத்துக்கு 17, 18 சென்டிமீட்டர் போதும். பெருக்கிப் பார்த்தால் கான்கிரீட் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. வட்டச் சென்ட்ரிங் பலகைக்குத்தான் கூலி கூடும். அந்தக் கூலியைக் கொடுப்பதில் தயக்கமே வேண்டாம் என்பேன். கழுவ வருகிறவருக்கும் வசதி உண்டு. வளைய அறையின் அகலம் சுவர்க் கனம் போக ஒன்றேகால் மீட்டருக்கு மேல். ஒருவர் நின்று வேலை செய்யலாம். நேர்சுவர் வட்டத்தைத் தொடும் கூர்மூலையில் சேறு ஒதுங்கித் தங்கும். வட்டத்துக்குள் வட்டத்தில் மூலையே கிடையாது. நீர் நுழையும் குழாயைச் சுவரை ஒட்டிச் சாய்த்து விட்டால், வளைய அறையில் தண்ணீர் சுற்றி ஓடித் தேங்காமல் இருக்கும்.

தரைமட்டத் தொட்டிக்கு மனையில் இடமிருந்தால் நான் வேறு சொல்வேன். 7 மீட்டர் விட்டத்தில் இரண்டு தனித் தொட்டிகள் கட்டிவிடலாம். இரண்டின் சுவர் நீளமும் சேர்த்து 44 மீட்டர். வட்டத்துக்குள் வட்டத்துக்கு 53 மீட்டருக்கு மேல் ஆகிறது. தனித்தனியாகக் கட்டுவதும், ஒன்று பழுதானால் இடித்துக் கட்டுவதும் எளிது. உயரத்தில் நிற்கும் தொட்டிக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. இரண்டு தாங்குகோபுரம், இரண்டு கடைக்கால் ஆகிவிடும். நேர்சுவரால்தான் பிரிப்போம் என்றால் தொட்டியையே செவ்வகமாகத் திட்டமிடுவது நேர்மையான வழி. போர் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் பிரிக்க விரும்பும் வீட்டுக்காரர்கள் இரண்டு சின்டெக்ஸ் தொட்டிகளை அருகருகே வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். கான்கிரீட் உறைகளை அடுக்கிச் செய்த வட்டச் சம்ப்புக்குள் செங்கல் தடுப்பு வைக்கவே கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒவ்வோர் அறைக்கும் தனியாக நுழைகுழாய், வெளிக்குழாய், வழிந்தோடும் குழாய், கழிவுக் குழாய், காற்றுப்போக்கி, ஆள் இறங்கும் வாய் எல்லாம் வேண்டும். ஒரு வழிந்தோடும் குழாயை இரண்டு அறைக்கும் பொதுவாக வைத்தால், கழுவும் நாளில் பிளீச்சிங் கரைசலும் குடிநீரும் கலக்க வழி வைத்ததாகிவிடும். தண்ணீர் தேக்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 3370 விதி, உயரத்தில் நிற்கும் தொட்டியை நிரப்பி ஏழு நாள் ஊறவிட்டு, அடுத்த ஏழு நாளும் வெளிமுகத்தில் கசிவின்றி உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. பிரித்த தொட்டியில் இந்தச் சோதனையை இரண்டு அறைகளையும் ஒருசேர நிரப்பிச் செய்தால் நடுச்சுவரைச் சோதித்ததாகவே ஆகாது.

ஆகவே தொட்டியைப் பெற்றுக்கொள்ளும் பொறியாளர்களுக்கும், ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் அறையை நிரப்பி இரண்டாவதைக் காலியாக வைத்து ஒரு முறை, இரண்டாவதை நிரப்பி முதலாவதைக் காலியாக வைத்து ஒரு முறை, இரண்டு தடவையும் முழுச் சோதனை கேளுங்கள். காலி அறைக்குள் வெளிச்சத்தோடு இறங்கி, நடுச்சுவரின் அடியையும் இரண்டு மூலைகளையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.